ஏரிக்கரையில் நான்கு இரவுகள்

(நம் சமூகக் கூடத்தில் நடந்த மூத்த குடியிருப்போர் மாலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னை அறிமுகம் செய்யும்போது "அமெரிக்காவைச் சுற்றி வந்தவர்" என்று சொல்லிவிட்டார். அப்படியெல்லாம் இல்லை. மகள் வீட்டுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். அதில் பாதி நாள் பேத்தியைப் பார்த்துக்கொண்டதிலேயே போய்விட்டது. ஆனால் 2024 ஜூனில் ஒரு மோட்டார் ஹோம் வாடகைக்கு எடுத்துக்கொண்டு, லேக் டாஹோ என்ற ஏரிக்கரையில் நான்கு இரவு தங்கினோம். போன மாதம் லிஃப்டில் அதைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "எங்க பையனும் கூப்பிடறான் சார், எப்படி ஏற்பாடு பண்ணணும்?" என்று மூன்று வீட்டுக்காரர்கள் கேட்டார்கள். அதனால்தான் இன்றைக்கு இந்த மைக் என் கையில் இருக்கிறது.

முதலில் ஆர்.வி. என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். சினிமா படப்பிடிப்பில் நடிகர்களுக்குக் கேரவன் நிற்குமே, அதுமாதிரிதான். ஆனால் இதை நாமே ஓட்டிக்கொண்டு போக வேண்டும். படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், ஒரு சின்னக் கழிவறை, ஷவர் எல்லாம் உள்ளேயே. எங்களுடையது 25 அடி நீளம். கலிஃபோர்னியாவில் 40 அடி வரைக்கும் சாதாரண கார் லைசென்ஸே போதும். மாப்பிள்ளை ஓட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே போனேன். மகள் காரில் பின்னாலேயே வந்தாள். இப்படி ஒரு கார் கூட வருவது பெரிய உபகாரம். பால் வாங்க வேண்டும் என்றால் வீட்டையே கிளப்பிக்கொண்டு போக வேண்டியதில்லை பாருங்கள்.

டாஹோ ஏரி கலிஃபோர்னியாவும் நெவாடாவும் சேரும் எல்லையில் இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 6,225 அடி. ஊட்டியைவிடக் கொஞ்சம் தாழ்வு, அவ்வளவுதான். நீளம் 22 மைல், அகலம் 12 மைல், ஆழம் 1,645 அடி. தெற்குக் கரையில் சௌத் லேக் டாஹோ என்று ஒரு நகரம். மகள் இருக்கும் ஃப்ரீமாண்ட்டிலிருந்து சேக்ரமெண்டோ, பிளேசர்வில் வழியாக 50ஆம் எண் நெடுஞ்சாலையில் ஏறினால், எக்கோ சமிட் என்ற கணவாய் 7,382 அடியில் வரும். அதைத் தாண்டி இறங்கும்போது கீழே ஏரி நீலமாகத் தெரியும். மாப்பிள்ளை சாலையைப் பார்த்தார், நான் ஏரியைப் பார்த்தேன்.

அழகைப் பற்றி இதோடு நிறுத்திக்கொள்கிறேன். அதைப் போனால் பார்த்துக்கொள்வீர்கள். நான் சொல்ல வந்தது நான் செய்த ஒரு தவறைப் பற்றி.

இடம் பதிவு செய்யும் வேலையை மகள் என்னிடம் விட்டாள். "அப்பா, நீங்கதான் ஃபாரம் எல்லாம் ஒழுங்காப் படிப்பீங்க" என்றாள். 36 வருடம் வங்கிக் கவுண்டரில் மற்றவர்களுக்குப் படிவத்தின் சின்ன எழுத்தைப் படித்துக் காட்டியவன் நான். வனத்துறை நடத்தும் ஒரு முகாமில், பைன் மரங்களுக்கு நடுவில், ஏரிக்கு நடக்கும் தூரத்தில் இடம் கிடைத்தது. பக்கத்தில் ஆர்.வி. படம் போட்டிருந்தது. கட்டணமும் குறைவு. சந்தோஷமாகப் பணம் கட்டிவிட்டேன்.

அந்தப் படத்துக்கு அர்த்தம் "ஆர்.வி. நிறுத்த அனுமதி உண்டு" என்பதுதான். நான் அதை "ஆர்.வி.க்கு வேண்டிய வசதி உண்டு" என்று படித்துவிட்டேன். கீழே ஒரு வரி இருந்திருக்கிறது: மின் இணைப்பு இல்லை, தண்ணீர் இணைப்பு இல்லை, கழிவுநீர் இணைப்பு இல்லை. அங்கே இந்த மூன்றையும் சேர்த்து ஹூக்கப் என்கிறார்கள். மூன்றும் இருந்தால் ஃபுல் ஹூக்கப். எதுவும் இல்லாவிட்டால், வண்டியில் கொண்டுபோன பேட்டரியும் தொட்டித் தண்ணீரும்தான் நமக்கு வீடு.

வாலிபப் பிள்ளைகளுக்கு இது ஒரு பெரிய விஷயமில்லை. எங்களுக்குப் பெரிய விஷயம். என் மனைவிக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறு உண்டு. இரவில் சிபேப் கருவி மாட்டிக்கொண்டுதான் தூங்குவாள். மூன்று வருடம் முன்னால் ஸ்டென்ட் வைத்தபோதே, "ஒரு நாள் ராத்திரிகூட அது இல்லாமல் தூங்கக் கூடாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இந்தக் கூட்டத்திலேயே அந்தக் கருவி வைத்திருப்பவர்கள் நாலைந்து பேராவது இருப்பீர்கள் என்று தெரியும். உயரமான இடத்தில் காற்று மெலிந்திருப்பதால் இந்தச் சிக்கல் கூடத்தான் செய்யும்.

போய்ச் சேர்ந்ததும்தான் பிளக் போடும் கம்பத்தைத் தேடினேன். இல்லை. மாப்பிள்ளை, "பரவாயில்ல மாமா, வண்டி பேட்டரியில இன்வெர்ட்டர் இருக்கு, ஒரு ராத்திரி தாங்கும்" என்றார். நானும் நம்பினேன். பத்து மணிக்கு எல்லோரும் படுத்தோம். ஜூன் மாதம்தான், ஆனாலும் இரவில் குளிர் நாலைந்து டிகிரிக்கு இறங்கிவிடும். ஹீட்டரைப் போட்டுவிட்டோம்.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் "கீச், கீச்" என்று ஒரு சத்தம். எழுந்து பார்த்தால் சமையல் எரிவாயு கசிந்தால் கத்தும் கருவி. எங்கள் நிலைமையைச் சொல்லவா வேண்டும்! பேத்தியைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு, எல்லோரும் இருட்டில் வெளியே ஓடி வந்து நடுங்கிக்கொண்டு நின்றோம். பக்கத்து இடத்தில் தங்கியிருந்த ஒரு பெரியவர் டார்ச் எடுத்துக்கொண்டு வந்தார். என் வயதுதான் இருக்கும். உள்ளே போய் முகர்ந்து பார்த்தார், சுவரில் இருந்த மீட்டரைப் பார்த்தார். "கேஸ் கசியவில்லை, பேட்டரி காலியாகிவிட்டது. மின்சாரம் குறைந்தாலும் இது இப்படித்தான் கத்தும்" என்றார். கருவி நின்றுபோயிருந்தது. ஹீட்டரும் நின்றுபோயிருந்தது.

ஜெனரேட்டர் வண்டியிலேயே இருந்தது. ஆனால் இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம். ஜெனரேட்டருக்கு அனுமதிக்கும் நேரம் அதைவிடக் குறைவு. அந்த மாநிலப் பூங்காக்களில் காலை 10 முதல் இரவு 8 வரைதான் ஓட்டலாம். மாப்பிள்ளை, "ஆபத்துக்குப் பாவமில்ல, போட்டுடறேன்" என்று கையை வைத்துவிட்டார். என் மனைவிதான், "வேண்டாம் மாப்பிள்ளை, ஊரே தூங்குது. நான் உக்காந்தே தூங்கிக்கறேன்" என்றாள்.

சாப்பாட்டு மேசை பெஞ்சில் நாலு தலையணையை அண்டக் கொடுத்து அவளைச் சாய்த்து உட்கார வைத்தோம். நான் எதிரே உட்கார்ந்துகொண்டேன். அவள் கண்ணயர்ந்ததும் மூச்சை எண்ண ஆரம்பித்தேன். நிற்கும். நான் ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். பத்து தாண்டினால் தோளைத் தொடுவேன். ஒரு திணறல், பிறகு மறுபடி மூச்சு வரும். விடிய விடிய இதுதான். வங்கியில் எத்தனையோ முறை கேஷ் டேலி ஆகாமல் ராத்திரி உட்கார்ந்திருக்கிறேன். அந்த மூன்று மணி நேரம் மாதிரி எதையும் எண்ணியதில்லை.

பொழுது விடிந்த பிறகு ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இதை நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் வண்டி பேட்டரி 12 வோல்ட், 100 ஆம்பியர் மணி. அதாவது 1,200 வாட் மணி. இந்த வகைப் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது. ஆக கையிருப்பு 600. ஈரப்பதமூட்டியும் சூடுபடுத்தும் குழாயும் போட்டு ஓட்டினால் அவள் கருவிக்கு சுமார் 60 வாட். எட்டு மணி நேரத்துக்கு 480. நான் கணக்கில் எடுக்காதது ஹீட்டரை. அது எரிவது கேஸில்தான், ஆனால் சூட்டை உள்ளே தள்ளும் மின்விசிறி பேட்டரியில் ஓடுகிறது. அதற்கு ஏறத்தாழ 90 வாட். பாதி நேரம் ஓடினாலே இரவு முழுக்க 400க்கு மேல் போய்விடும். வரவு 600, செலவு 900. செக் திரும்பாமல் என்ன செய்யும்?

ஈரப்பதமூட்டியை நிறுத்திவிட்டுக் கருவியை மட்டும் ஓட்டியிருந்தால் 30 வாட்டில் முடிந்திருக்கும். இன்வெர்ட்டர் இல்லாமல் 12 வோல்ட் சாக்கெட்டில் நேரே மாட்டும் ஒயர் தனியாகக் கிடைக்கிறது, அதில் வீணாவது இன்னும் குறைவு. இரண்டு கம்பளி கூடுதலாகப் போர்த்திக்கொண்டு ஹீட்டரைக் குறைத்திருந்தால் அந்தப் பேட்டரியே தாங்கியிருக்கும். இதையெல்லாம் புறப்படும் முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டியவன் நான்.

அன்று காலை மாப்பிள்ளை ஆறேழு இடங்களுக்குப் போன் செய்தார். எல்லாம் நிரம்பியிருந்தது. கடைசியில் நெவாடா பக்கத்தில் ஒரு தனியார் முகாமில் யாரோ ரத்து செய்த இடம் கிடைத்தது. மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் மூன்றும் உண்டு. வாடகை முதல் இடத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல். பிளக்கை மாட்டி, கருவியில் பச்சை விளக்கு எரிந்ததும் என் மனைவி சொன்னாள்: "முப்பத்தாறு வருஷம் ஊருக்கெல்லாம் சின்ன எழுத்தைப் படிச்சுக் காட்டினீங்களே." அவ்வளவுதான் சொன்னாள். மீதி மூன்று நாள் நன்றாகத் தூங்கினாள்.

அடுத்தது தண்ணீர். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் ஆட்கள் இதில்தான் தடுமாறுவார்கள். நல்ல தண்ணீர்த் தொட்டி 40 கேலன், அதாவது 150 லிட்டர். நாலு பெரியவர்கள், ஒரு குழந்தை. இங்கே லாரித் தண்ணீர் வராத நாளில் வாளி கணக்கில் குளிப்போமே, அந்தப் பழக்கம் அங்கே கை கொடுத்தது. ஷவரைத் திறந்துவிட்டால் பத்து நிமிடத்தில் பாதித் தொட்டி காலி. நாங்கள் ஒரு பிளாஸ்டிக் வாளியும் மக்கும் வாங்கிப் போனோம். ஆளுக்கு ஒரு வாளி. கழிவறைக்கும் அதே மக். கூச்சப்படாமல் சொல்கிறேன், நாம் தண்ணீர் பயன்படுத்துகிறவர்கள் என்பதால் கழிவறைத் தொட்டி அவர்கள் சொல்லும் நாளைவிடச் சீக்கிரம் நிரம்பும். அதற்கும் ஒரு மீட்டர் இருக்கிறது. தினமும் பாருங்கள்.

கழிவுக்கு இரண்டு தொட்டி. குளியலும் பாத்திரமும் ஒன்றில், கழிவறை இன்னொன்றில். காலி செய்யும் இடத்தில் முதலில் கழிவறைத் தொட்டியைத் திறக்க வேண்டும், பிறகு குளியல் தண்ணீரை. அந்தத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டு போய்விடும். வரிசையை மாற்றினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. முழங்கை வரை வரும் கையுறை மறக்காதீர்கள். நம் எஸ்.டி.பி. ஆபரேட்டர் தம்பி மேல் எனக்கு மரியாதை வந்தது அங்கேதான்.

குளியல் தண்ணீர்தானே என்று தரையில் திறந்துவிடக் கூடாது. முகாம் குழாயடியில் பாத்திரம் கழுவக் கூடாது. முதலில் எனக்கு இது அதிகப்படியாகத் தெரிந்தது. பிறகு மகள் சொன்னதைக் கேட்டு வாயை மூடிக்கொண்டேன். அந்த ஏரிப்படுகையில் இருக்கும் ஊர்களின் கழிவுநீர், சுத்திகரித்த பிறகும்கூட ஏரியில் சேருவதில்லை. மலையைத் தாண்டி வெளியே பம்ப் செய்து அனுப்புகிறார்கள். தெற்குக் கரையில் 1960களின் கடைசியிலிருந்தே அப்படி. ஏரி எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று 1968லிருந்து அளக்கிறார்கள். ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, எத்தனை அடி ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்ப்பார்கள். அந்த முதல் வருடம் சராசரி 100 அடிக்கு மேல். இப்போது அறுபது எழுபது அடிதான். அதுவே நமக்கு அதிசயம், அவர்களுக்குக் கவலை. மோட்டார் படகு கொண்டுபோனால் வேற்று நீர்ச் சிப்பி ஒட்டியிருக்கிறதா என்று சோதித்த பிறகுதான் இறக்க விடுவார்கள்.

அந்த ஊர்க்காரர்கள் நம்மைப் போன்ற வருகையாளர்களால்தான் பிழைக்கிறார்கள், நம்மால்தான் அவதிப்படவும் செய்கிறார்கள். 2023 ஜூலை 4 விடுமுறைக்கு மறுநாள் கரைகளில் தன்னார்வலர்கள் பொறுக்கிய குப்பை மட்டும் 8,000 பவுண்டுக்கு மேல். தெருவோரம் வண்டியை நிறுத்தி அதிலேயே படுத்துக்கொள்ளலாம் என்ற யோசனையை விட்டுவிடுங்கள். நம் விசிட்டர் பார்க்கிங்கில் வெளியாள் வண்டி ஒரு ராத்திரி நின்றால் வாட்ஸப் குழுவில் என்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

கரடி. ஆமாம், கரடி உண்டு. கருங்கரடி. ஆளைத் தேடி வராது, சோற்றைத் தேடி வரும். கூடாரத்திலோ காரிலோ சாப்பாடு வைக்கக் கூடாது. பற்பசை, சோப்பு, தேங்காய் எண்ணெய் என்று வாசனையுள்ள எதுவும் கூடாது. ஒவ்வொரு இடத்திலும் இரும்புப் பெட்டி ஒன்று வைத்திருக்கிறார்கள், எல்லாம் அதற்குள் போக வேண்டும். சில வருடம் முன் சௌத் லேக் டாஹோவில் வீடு புகுந்து சாப்பிட்ட ஒரு பெருத்த கரடிக்கு ஊரே ஹேங்க் என்று ஆண் பெயர் வைத்திருந்தது. மரபணுச் சோதனையில், அது செய்ததாகச் சொன்ன திருட்டுகளில் வேறு கரடிகளுக்கும் பங்கு இருப்பது தெரிந்தது. 2023ல் தேடப்பட்ட கரடிகளில் ஒன்றைப் பிடித்துப் பார்த்தால், அது மூன்று குட்டிகளுக்குத் தாய்! என் மனைவி அதைக் கேட்டுவிட்டு, அன்றைக்கு ரசத்துக்குத் தாளிக்கவில்லை. இஞ்சி தட்டிப் போட்டு அப்படியே இறக்கிவிட்டாள்.

சமையலில் இன்னொன்று. வண்டிக்குள் தாளித்தால் புகைக் கருவி கத்தும். ஜன்னலைத் திறந்து, மேலே உள்ள விசிறியைப் போட்டுவிட்டுத் தாளியுங்கள். மாவு அந்தக் குளிரில் புளிக்காது. புளித்த மாவாகவே கொண்டுபோய்விடுங்கள்.

இடத்தைப் பதிவு செய்யும்போது வண்டியின் நீளத்தையும் பாருங்கள். மேற்குக் கரையில் டி.எல். பிளிஸ் என்ற மாநிலப் பூங்கா பிரமாதமான இடம், ஆனால் 18 அடிக்கு மேல் மோட்டார் ஹோம் கூடாது. எங்களுடையதை உள்ளேயே விட்டிருக்க மாட்டார்கள். எமரால்ட் பே பார்க்கப் போகும் 89ஆம் எண் சாலை கொண்டை ஊசி வளைவும் பள்ளமுமாக இருக்கும். அதற்குக் காரில்தான் போனோம். பாதாம் மூடிகளைக் கவிழ்த்து வைத்த மாதிரி பாறைகள், நடுவில் ஒரே ஒரு குட்டித் தீவு. அந்த ஏரியில் இருக்கும் ஒரே தீவு அதுதான்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். வாடகை தினக்கணக்கில் மட்டும் என்று நினைக்காதீர்கள். மைலுக்கு இவ்வளவு, ஜெனரேட்டர் ஓடிய மணிக்கு இவ்வளவு, பாத்திரம் படுக்கைக்கு இவ்வளவு, கழிவுத் தொட்டியைக் காலி செய்யாமல் திருப்பினால் அதற்கு ஒரு அபராதம். எங்களுக்குப் போக வர, ஊரைச் சுற்ற 450 மைல். கேலனுக்கு 9 மைல்தான் கொடுத்தது. 50 கேலன் பெட்ரோல். மொத்தத்தில் நல்ல ஓட்டலில் தங்கியிருந்தாலும் ஏறக்குறைய இதே தொகைதான் ஆகியிருக்கும். பணம் மிச்சம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பேத்தி மேல் படுக்கையிலிருந்து காலையில் தலையைத் தொங்கப்போட்டு "தாத்தா" என்று கூப்பிடுவது ஓட்டலில் கிடைக்காது, அதற்குத்தான் அந்தப் பணம்.

நம் வயதுக்காரர்கள் பயணக் காப்பீட்டில், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு என்ன சொல்லியிருக்கிறது என்று கட்டாயம் படியுங்கள். பெரும்பாலும் திடீரென்று தீவிரமானால் மட்டும் என்றுதான் இருக்கும். சௌத் லேக் டாஹோவிலேயே பார்ட்டன் என்ற மருத்துவமனை இருக்கிறது. நான் அந்த முகவரியைப் பர்ஸில் வைத்திருந்தேன், நல்லவேளை வேலை வரவில்லை. செப்டம்பரில் போகிறவர்கள் காட்டுத்தீப் புகையைப் பற்றிய செய்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2021 ஆகஸ்ட் கடைசியில் கால்டோர் தீ நெருங்கியபோது அந்த நகரத்தையே காலி செய்தார்கள். ஏரியில் இறங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: ஜூனில் அந்தத் தண்ணீர் முழங்காலைத் தாண்டினால் மூச்சு அடைக்கும்.

சரி, எப்போது பதிவு செய்வது? மாநிலப் பூங்காக்களுக்கு ஆறு மாதம் முன்னால், அந்த ஊர் நேரம் காலை 8 மணிக்குத் திறக்கும். அடுத்த ஜூன் 10க்கு வேண்டும் என்றால் டிசம்பர் 10. அப்போது நமக்கு இரவு ஒன்பதரை மணி. சாப்பிட்டு முடித்து, கணினி முன்னால் சாவகாசமாக உட்காரலாம். பிள்ளைகள் அங்கே ஆபீசுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருப்பார்கள், இந்த வேலையை நாமே செய்துவிடலாம். தனியார் முகாம்களுக்கும் நகராட்சி முகாமுக்கும் தேதி வேறு, நேரே கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்கும்போது முதல் கேள்வி, "இந்த எண்ணுள்ள இடத்தில் மின் இணைப்பு உண்டா, எத்தனை ஆம்பியர்?" என்பது. 30 ஆம்பியர் இருந்தால் எங்கள் மாதிரி வண்டிக்குப் போதும். முகாமின் பெயருக்குப் பதில் வாங்காதீர்கள், இடத்தின் எண்ணுக்குப் பதில் வாங்குங்கள். ஒரே முகாமில் ஒரு வரிசைக்கு இணைப்பு இருக்கும், அடுத்த வரிசைக்கு இருக்காது.

டிசம்பரில் யாராவது பதிவு செய்ய உட்காருவதாக இருந்தால் இன்டர்காமில் ஒரு கூப்பிடு போடுங்கள். கண்ணாடியை எடுத்துக்கொண்டு வருகிறேன்.